முறியாத எலும்பின் விலை

பத்தொன்பது குளிர்காலம்
குவுசிலம்பி நகராட்சி பனியைத்தான் வாங்கியது.
வாங்கியது என்றால், அள்ளி ஏரிக்கரையில் கொட்ட
டன்னுக்கு இவ்வளவு யூரோ.
கூடுதல் பனி, கூடுதல் பில்.
ஒரே குவியலை இருமுறை எடைபோட்ட லாரியும் உண்டு.
(நிரூபிக்க முடியவில்லை.
கோப்பு எண் 41, மூடப்பட்டது.)

அதே மாதங்களில்
எலும்பு முறிவுப் பிரிவின் நாற்காலிகள்
ஒருவரும் எடைபோடாமல் நிறைந்தன.

நான் கொள்முதல் அலுவலர், தூலிக்கி ரெசனென்.
ஷரத்து எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனாலும் அன்று எழுதிய ஒன்றை
மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன்:
‘நகராட்சி இனிப் பனி அகற்றலை வாங்காது.
மணிக்கட்டுகளை, இடுப்புகளை,
முழுசாக வாங்கும்.’

சட்டப் பிரிவு ஹன்னு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
முழுசாக என்பதற்கு வரையறை எங்கே, என்றார்.

ஒப்பந்தப்புள்ளி கோரினோம்.
வந்தவை மூன்று உறைகள்.
பிரித்த அன்று ஜன்னலுக்கு வெளியே
ஏரி தன் உறைக்குள் கிடந்தது, பிரிக்க ஆளின்றி.
இரண்டில் விலையே இல்லை:
நடக்காத ஒன்றுக்கு எப்படி விலை போடுவது
என்று ஒற்றை வரி.
மூன்றாவது இல்மரி வெந்தினென்.
இரண்டு டிராக்டர், ஒரு மருமகன்.
யாரும் விழாத நாளுக்கு இவ்வளவு,
விழுந்தால் இவ்வளவு கழித்துக்கொள்ளுங்கள்.
கையெழுத்து, பென்சிலில்.

முதல் குளிர்காலம், அறுபத்து மூன்று முறிவு
இருபத்தாறானது.
பனி விழுமுன்பே சரளை விழுந்தது,
அதிகாலை மூன்றரைக்கு.
இரண்டாவது, ஒன்பது.
மன்றத்தில் கேக் வெட்டினார்கள்.
தம்பெரேயிலிருந்து வந்த ஒருவர்
என் ஷரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள்
என் வெற்றியைப் பார்க்க நடந்து போனேன்.
சுத்தமான பாதை. சீரான சரளை.
ஒரு காலடி இல்லை.

மருமகனின் வேன் நின்றது.
பால், கம்பு ரொட்டி, மாத்திரை,
வியாழன் என்பதால் பட்டாணி சூப்.
வீட்டுக்கு வீடு, எழுபது வயதுக்கு மேல் எல்லோருக்கும்.
நீங்கள் வெளியே வரவேண்டாம், நாங்கள் இருக்கிறோம்.

ஆவுனெ ஹெய்ஸ்கரி கதவைத் திறந்தார்.
தினமும் நூலகம் போய் ஹாக்கிச் செய்தி படித்து
நடுவர்களைத் திட்டுபவர்.
ரொம்ப நல்ல பிள்ளைகள், என்றார்,
நவம்பரிலிருந்து நான் வாசல் தாண்டவில்லை.
மிதியடியில் முள் பதித்த பூட்ஸ்,
கடையில் வாங்கியதுபோல் இருந்தது.

வழு இருந்த இடத்தில்தான் வழுக்கினோம்.
விழக்கூடாது என்று எழுதியிருந்தேன்.
நடக்கவேண்டும் என்று எழுதவில்லை.

இல்மரி கோபப்படவில்லை.
நீங்கள் கேட்டதைத்தானே விற்றேன்.
பிறகு, தொப்பியைத் திருப்பித் திருப்பி,
பாலை நிறுத்திவிடவா, என்றார்.
அதற்கு என்னிடம் ஷரத்து இல்லை.

புதிய ஒப்பந்தத்தில் காலடிகளை எண்ணுகிறோம்.
நூலகம், சௌனா, படகுத்துறை,
மூன்று இடத்தில் சிறு கருவி.
நடைக்குக் காசு, முறிவுக்குக் கழிவு.
ஆண்டுக்குப் பன்னிரண்டு முறிவு வரை
கழிவு கிடையாது.
பன்னிரண்டு பேர் எலும்புக்கு அனுமதியா, என்றார் ஹன்னு.
ஆமாம், என்றேன்.
யானைக்கே அடி சறுக்கும்.
நடக்கிற ஊரில் யாராவது விழத்தான் செய்வார்கள்.

ஜனவரி ஏழாம் தேதி, நான்காவது முறிவு, நான்.
அலுவலக வாசலில், இடது மணிக்கட்டு.
அனுமதிக்குள்தான் வருகிறேன்.

மாவுக்கட்டோடு ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே ஆவுனெ நூலகத்துக்குப் போகிறார்,
ஒரு காலைச் சற்று இழுத்து.
கருவி அதை ஒன்றாக எண்ணுமா, ஒன்றரையாகவா?

வியாழக்கிழமை.
அவர் வீட்டுப் படியில் மருமகன்
சூப் டப்பாவை வைத்துவிட்டுப் போகிறான்.
இந்த ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு சென்ட்டும் இல்லை.

பார்த்தேன்.
கோப்பில் குறிக்கவில்லை.